பாலம் போன வருஷம்

ஹம்மு மாமாவை நான் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை, கிராம அதிகாரி கொடுத்த சான்றிதழில் முத்திரை கோணலாக விழுந்து பாதி எழுத்து தெரியவில்லை. அடுத்த தடவை, அவர் மனைவியின் புகைப்படத்தில் தலைத்துணி நெற்றியை மறைத்திருந்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அதற்குள் அந்தச் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது, செல்லாது. அவருடைய தலாத் கிராமத்திலிருந்து தார்ச்சாலைக்கு வர இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். அங்கிருந்து ஆறு பேரை நெருக்கி ஏற்றிக்கொள்ளும் வாடகைக் கார். அதெல்லாம் எனக்குத் தெரியும். நானும் மலைக்காரிதான். தெரிந்தும் அனுப்பினேன். அவர் ஒருமுறை கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி மகளே, வர்றேன்" என்று சொல்லிக் கம்பளி அங்கியின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். ஒருவேளை அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவில் நான் எழுத்தர். பத்தொன்பது வருஷமாக இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். நீதிபதிகள் எல்லோரும் சமவெளியிலிருந்து வருகிறவர்கள், அரபி மட்டும் பேசுவார்கள். வழக்குக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு மலைமொழி தவிர வேறு தெரியாது. அதனால் நடுவில் நின்று இருபக்கமும் பேச்சை மாற்றிச் சொல்கிற வேலையும் என் தலையில்தான்.

நான்காவது தடவை ஹம்மு மாமா மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அக்டோபர் மாதம், சந்தை நாள். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒல்லியான மனிதர், சாலைப் பணியில் கல் உடைத்த கைகள். அவர் சட்டைக் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தவள்தான் யாம்னா. என் சித்தி வயது இருக்கும். அதனால் சித்தி என்றே கூப்பிட்டேன். அவள் இரண்டு கண்ணிலும் பால் போலப் படலம் விழுந்திருந்தது.

"கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணணும்னாங்க. அதுக்கு அரசாங்க மருத்துவ அட்டை வேணும். அட்டை குடுக்கற எடத்துல ஒரு பையன் கேக்கறான், இவங்க உங்களுக்கு யாருன்னு. பொண்டாட்டின்னேன். அடையாள அட்டையில கல்யாணம் ஆகாதவங்கன்னு இருக்கேங்கறான். நாப்பத்தோரு வருஷமா என் வீட்டுல இருக்கான்னேன். கல்யாணம் ஆகாத பொம்பள உங்க வீட்டுல என்ன பண்றாங்கன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"ரொட்டி சுடறான்னு சொன்னேன்."

"கல்யாணம் ஆகாம இத்தனை வருஷம் ரொட்டி சுட்டதுக்கு அரசாங்கம் எனக்கு ஏதாவது குடுக்குமான்னு கேட்டுப் பாரு, மகளே," என்றாள் யாம்னா சித்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் மலையில் கல்யாணத்துக்குக் காகிதம் கிடையாது. பெண்ணின் தகப்பன் சம்மதிப்பான், நாலு பெரியவர்கள் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா ஓதுவார்கள், ஆடு அறுப்பார்கள், கோவேறு கழுதையில் பெண் வந்து இறங்குவாள். முடிந்தது. இப்போது அரசாங்கம் எல்லோரையும் நீதிமன்றத்தில் கல்யாணத்தை நிரூபித்துக் காகிதம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. ஜனங்கள் வரவில்லை என்றதும் நீதிமன்றமே வண்டி ஏறிக் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தது.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கல்யாணம் எப்போது என்று கேட்டபோது ஹம்மு மாமாதான் பதில் சொன்னார். சித்தி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என்ற கட்டம் வந்தது. பிள்ளை இருந்தால் அதுவே பெரிய சாட்சி, வேறு அதிகம் கேட்க மாட்டார்கள்.

"பிள்ளைங்க?"

"இல்ல," என்றார் மாமா.

கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். பேனா தாளில் இழுபட்ட சத்தத்துக்குச் சித்தியின் முகம் என் பக்கம் திரும்பியது. பிறகு தாழ்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ கோடு போட்டிருக்கிறேன். அதற்குச் சத்தம் உண்டென்று அன்றுதான் கவனித்தேன்.

நவம்பர் முதல் வாரம் தலாத்தில் அமர்வு. பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் நீதிமன்றம். நீதிபதி லஹ்லூ வாத்தியாரின் மேசையில் உட்கார்ந்தார். கடலோர நகரத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு அங்கிக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை போட்ட பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. வழக்குக்கு வந்த பெரியவர்கள் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லஹ்லூ கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சந்தேகக்காரர். அதற்குக் காரணமும் இருந்தது. முதல் மனைவிக்குத் தெரியாமல் இரண்டாவது ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அது பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் என்று கூசாமல் சொல்லிக் காகிதம் வாங்கிப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக விசாரிப்பார். பதில்கள் பொருந்த வேண்டும்.

ஹம்மு மாமா முதலில் வந்தார். "ஊர் ஊரா ஜனங்க பாலைவனத்துக்கு ஊர்வலம் போனாங்களே, அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. வசந்தம். பார்லி முழங்கால் ஒசரம் நின்னுச்சு," என்றார். எங்கள் ஜனங்களுக்கு வருஷத்துக்கு எண் கிடையாது, நடந்த சம்பவம்தான் உண்டு. ஊர்வலம் போனது எழுபத்தைந்தில்; நான் கழித்து எண்ணாக மாற்றிச் சொன்னேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. அந்தக் கல்யாண விருந்தில் சாப்பிட்ட இரண்டு கிழவர்கள் வந்து அதையே சொன்னார்கள். அதில் மூத்தவர் மூலூத், பழைய லாரி ஓட்டுநர். ஆட்டுக்கறியில் உப்பு குறைவு என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

பிறகு மாமாவை வெளியே அனுப்பிவிட்டுச் சித்தியை அழைத்தார்கள். கைத்தாங்கலாக நான்தான் கொண்டுவந்து உட்காரவைத்தேன்.

"உங்க கல்யாணம் எப்போ நடந்தது, அம்மா?" என்று நீதிபதி கேட்டார். நான் மலைமொழியில் கேட்டேன்.

யாம்னா சித்தி முகத்தை நிமிர்த்தினாள். அடுப்பில் விறகு வெடிப்பதைக் கேட்பவள் போல இருந்தாள். பிறகு சொன்னாள்: "பாலம் போன வருஷம். வாதுமை அடிக்கிற காலம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் அடித்துக்கொண்டு போனது எண்பதில். ஏழு வருஷம் தள்ளி.

"சித்தி, நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றேன் தாழ்ந்த குரலில்.

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"என்ன சொல்றாங்க?" என்றார் நீதிபதி.

ஒரு நொடிதான். எழுபத்து மூன்று என்று நான் சொல்லியிருந்தால் நீதிபதிக்குத் தெரிந்திருக்காது. வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காலையில் குர்ஆன்மேல் சத்தியம் செய்திருந்தேன். அதைவிட, சித்தி என் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரபி தெரியாவிட்டாலும் எண்கள் அவளுக்குத் தெரிந்திருக்கும், சந்தைக்குப் போகிறவள்தானே.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஐயா. இலையுதிர் காலம்."

லஹ்லூ பேனாவை வைத்தார். கோப்பைப் பின்னுக்குப் புரட்டினார். "கணவன் ஒண்ணு சொல்றார், மனைவி ஒண்ணு சொல்றாங்க. பிள்ளையும் இல்லை. நான் எதை நம்பறது?" என்று என்னிடமே கேட்டார். பத்து நாள் கழித்து, பனி விழுந்து சாலை மூடுமுன் கடைசி அமர்வு ஒன்று இருந்தது. அன்றைக்கும் பதில்கள் பொருந்தாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவதாகச் சொன்னார்.

வெளியே வந்து ஹம்மு மாமாவிடம் சொன்னேன். 

"ஏழு வருஷமா? அது எங்க போச்சு?"

மனைவியைப் பார்த்தார். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டைக் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் சரிவில் ஏறிப் போனார்கள். அவர் தோள் தொங்கிப்போயிருந்தது. திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி.

வழக்குக்காரர்களின் வீட்டுக்கு எழுத்தர் போகக்கூடாது. இது எழுதிவைத்த விதி, வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை போனேன். நீதிபதிக்கு இன்றுவரை தெரியாது.

மாமா ஆடு மேய்க்கப் போயிருந்தார். சித்தி களிமண் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கண் தெரியாவிட்டாலும் ரொட்டியைத் திருப்ப வேண்டிய நேரம் அவளுக்கு வாசனையில் தெரிந்தது. எனக்கு ஒன்றைப் பிய்த்து வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

"ஏன் சித்தி அப்படிச் சொன்ன? மாமா பொய் சொன்னாரா?"

"அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கும் வராது."

பிறகு சொன்னாள். ரொட்டி சுட்டுக்கொண்டேதான் சொன்னாள், நடுநடுவே மாவு உருட்டிக்கொண்டு.

பதினேழு வயதில், சந்தையில் வைத்து அவள் தகப்பன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாசலில் கோவேறு கழுதை வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே ஏறினாள். மாப்பிள்ளையின் முகத்தை மூன்று நாள் பார்க்கவில்லை. அந்த ஏழு வருஷத்தில் மூன்று தடவை அப்பன் வீட்டுக்கு ஓடினாள். மூன்று தடவையும் அப்பனோ அண்ணனோ இழுத்துவந்து விட்டார்கள்.

"அடிப்பாரா?"

"யாரு, இவரா? கை ஓங்கினதில்ல. ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் ஓடிப்போய்ட்டு வந்தா, அடுப்புல தண்ணி காய வெச்சிருப்பாரு, கால் கழுவ. அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் கோவமா இருக்கும். ஒரு கட்டை மாதிரி மனுஷன்னு நெனப்பேன்."

ஏழாம் வருஷம் அவள் தகப்பன் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இந்தத் தடவை அண்ணன், "இருக்கணும்னா இரு. உன்னை யாரும் இழுத்துட்டுப் போக மாட்டோம்" என்று சொல்லிவிட்டான். நாற்பது நாள் ஆயிற்று. ஒரு நாள் ஹம்மு வந்தார். அவளுடைய கம்பளிப் போர்வையும், அவள் வளர்த்த ஆடும் கூட வந்தன.

"இது உன்னோடது, அங்க கெடந்துச்சுன்னாரு. ஆட்டை மரத்துல கட்டினாரு. எங்கண்ணன் குடுத்த டீயைக் குடிச்சாரு. எழுந்து போய்ட்டாரு. வான்னு சொல்லல. வராதன்னும் சொல்லல. அந்த ஆட்டுக்கு அவர் சீவி விட்டிருந்தாரு, மகளே. மயிரெல்லாம் சிக்கில்லாம இருந்துச்சு. நான் அதைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தேன், ராத்திரி சமைக்கக்கூட எழுந்திருக்கல."

பிறகு மழை கொட்டியது, ஆற்றில் பாலம் போனது. பாலம் போய் நாலாவது நாள் அவள் தானாகக் கிளம்பினாள். மூலூத்தின் லாரியில் ஆற்றங்கரை வரை வந்தாள். அங்கே ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்தாள். மேலே ஏறி வந்தபோது ஹம்மு வாதுமை மரத்தின் உச்சியில் இருந்து கழியால் காய் அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ போய் நின்னேன். மேலேருந்து பாத்தாரு. தள்ளி நில்லு, தலையில விழும்னாரு. தள்ளி நின்னேன். விழுந்த காயைப் பொறுக்க ஆரம்பிச்சேன். அதான் கல்யாணம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும், மேளமா?"

"இதை மாமாகிட்ட சொல்லியிருக்கியா, சித்தி?"

"எதுக்குச் சொல்லணும்? அவருதானே மரத்து மேல இருந்தாரு."

ரொட்டியைத் திருப்பினாள். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். ஆனாலும் நான் எழுத்தர். அவளைச் சம்மதிக்கவைக்கத்தான் போயிருந்தேன். "சித்தி, கண்ணு ஆபரேஷன் ஆகணும்ல? மாமா சொன்ன வருஷத்தையே சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே. காகிதம் வந்துடும்," என்றேன்.

அவள் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "அந்த நீதிபதிப் பையன் என்கிட்ட என்ன கேட்டான்? உங்கப்பன் உன்னை எப்பக் குடுத்தான்னா கேட்டான்? உன் கல்யாணம் எப்பன்னு கேட்டான். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. மொத தடவை, அதுவும் அரசாங்கம் வந்து, என் முன்னாடி உக்காந்து, என்னைக் கேக்குது. பொய் சொல்லவா?"

 அந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் நானே கேட்டிருக்கிறேன். அது படிவத்தில் ஆறாவது கட்டம். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி அமர்வு நாளில் வானம் வெளுத்துக் கிடந்தது. எந்த நேரமும் பனி விழும் என்பதால் வண்டி ஓட்டுநர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். நீதிபதி இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்தே அழைத்தார். மூலூத்தும் மற்றக் கிழவரும் பின் பெஞ்சில் இருந்தார்கள்.

லஹ்லூ கேட்பதற்கு முன்பே ஹம்மு மாமா எழுந்து நின்றார். "ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இவ சொன்னதுதான் சரி. பாலம் போன வருஷம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. பத்து நாள் தனக்குள்ளேயே வைத்துப் புரட்டிவிட்டு, அவள் சொன்னதற்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். நான் அரபியில் சொன்னேன். நீதிபதியின் முகம் சிவந்தது.

"பத்து நாள் முன்னாடி சத்தியம் செஞ்சு ஒண்ணு சொன்னீங்க. உங்க சாட்சிகளும் அதையே சொன்னாங்க. இன்னிக்கு மாத்திப் பேசறீங்க. அப்போ அன்னிக்குச் சொன்னது பொய்யா? பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

நான் மலைமொழியில் சொல்லி முடித்தேன். மாமா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின் பெஞ்சில் மூலூத் எழுந்து நின்று, "உப்பு குறைவா இருந்துச்சுன்னு சொன்னேனே, அதுகூடவா பொய்?" என்றார். அதை நான் அரபியில் சொல்லவில்லை.

அப்போது யாம்னா சித்தி உட்கார்ந்தபடியே பேசினாள். "மகளே, அந்தப் பையன்கிட்ட சொல்லு. அன்னிக்கு இவர் சொன்னதும் நெசம். நான் சொன்னதும் நெசம். இன்னிக்கு இவர் சொன்னாரே, அதுதான் பொய். எனக்காகச் சொன்ன பொய். அதுக்கு இவரைத் தண்டிக்க வேணாம்."

"விளக்கமாகச் சொல்லட்டும்," என்றார் லஹ்லூ.

அவள் சொன்னாள். எனக்குச் சொன்னதையே, இன்னும் சுருக்கமாக. ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினாள், நான் அரபியாக்கினேன். ஓடியதை, இழுத்துவரப்பட்டதை, கால் கழுவக் காயவைத்த தண்ணீரை, ஆட்டை, ஆற்றை. என் அரபி அலுவலக அரபி. மனுதாரர், எதிர்மனுதாரர் என்றே பேசிப் பழகியது. "சிக்கில்லாமல் சீவியிருந்தார்" என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் நான் தடுமாறி, என் தலைமுடியைத் தொட்டுக் காட்டினேன். நீதிபதி தலையசைத்தார்.

ஹம்மு மாமாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவர் நேரடியாகவே கேட்டுக்கொண்டிருந்தார், நாற்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாக. கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருந்தார். மரத்தடி வரை கதை வந்ததும் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் முடித்தாள். நீதிபதி மெதுவாக, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அவரைக் கேட்டார்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு, ஐயா," என்றார் மாமா.  பிறகு சொன்னார்: "அன்னிக்கு மேலேருந்து பாத்தேன். இவ நின்னுக்கிட்டிருந்தா. முழுக்க நனைஞ்சு, தோள்ல ஆடு.  எறங்கினா எதையாவது பேசித் தொலைச்சிருவேனோ, இவ மறுபடி போயிருவாளோன்னு பயம். அடிக்கற காயெல்லாம் எப்பவோ அடிச்சு முடிச்சாச்சு. சும்மா கிளையைத் தட்டிக்கிட்டு இருட்டற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்."

சித்தி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அதான பாத்தேன். கடைசியில ஒரு காயும் விழல. வெறும் இலையா வந்துச்சு."

பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. லஹ்லூ சிரிக்கவில்லை. நான் மாற்றிச் சொன்ன பிறகும் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து, பனி விழ ஆரம்பித்துவிட்டது என்றார். "விழட்டும்," என்றார் நீதிபதி.

பிறகு மூலூத்தை முன்னால் கூப்பிட்டார். "பாலம் போன வருஷம் இந்த அம்மா திரும்பி வந்ததைப் பார்த்தீங்களா?"

"என் லாரியில தானே வந்தா. ஆத்தோரமா எறக்கி விட்டேன். வேணாம், தண்ணி எறங்கட்டும்னேன், கேக்கல. எங்க வீட்டுக்காரி ராத்திரி இவங்க வீட்டுக்கு வெண்ணெய் குடுத்தனுப்பினா."

மற்றக் கிழவரும் தலையாட்டினார். அந்த வெண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர் தங்கையாம்.

நீதிபதி என்னிடம் திரும்பி எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கல்யாணம் என்பது இருவர் சம்மதம். தகப்பன் கொடுத்த வாக்கு எழுபத்து மூன்றில் நடந்ததற்குச் சாட்சி உண்டு. மனைவியின் சம்மதம் எண்பதில் கிடைத்ததற்கு அவளுடைய வாக்குமூலமே சாட்சி, அவள் வந்து சேர்ந்ததை இருவர் உறுதி செய்கிறார்கள். ஆகவே இந்தத் திருமணம் அந்த நாளிலிருந்து நிலைநாட்டப்படுகிறது.

"எந்த நாள்?" என்றேன். கட்டத்தில் நாளும் மாதமும் வேண்டும். தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் மலையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றில் பிறந்து, ஜனவரி ஒன்றில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

"பாலம் போய் நாலாவது நாள்னு சொன்னாங்க இல்லையா? பாலம் போன தேதி எங்கேயாவது எழுதியிருப்பாங்க. கண்டுபிடியுங்க," என்றார் லஹ்லூ.

அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தவர், ஹம்மு மாமாவைப் பார்த்து, "உங்களுக்கு ஏழு வருஷம் குறையுது. ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்.

"அந்த ஏழு வருஷம் எனக்கும் கல்யாணம் ஆன மாதிரி இல்லீங்க," என்றார் மாமா.

பொதுப்பணி அலுவலகத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து தொலைபேசியில் பேசினேன். அங்கிருந்த எழுத்தர், முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தைய பாலத்தை இப்போது எதற்குத் தேடுகிறீர்கள், அதை நாங்கள் கட்டி முடித்தாயிற்றே என்று சலித்துக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்காக என்றேன்.  அவர் கிடங்கின் சாவியைத் தேடப் போனார். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். அந்த வருஷம் அக்டோபர் ஒன்பது, பின்னிரவு, தூண் இரண்டும் சாய்ந்தன என்று மேற்பார்வையாளர் அறிக்கை எழுதியிருந்தார். ஒன்பதும் நாலும் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

பனி உருகி மார்ச்சில்தான் சாலை திறந்தது. இருவரும் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். தேதியைப் படித்துக்காட்டச் சொன்னார் மாமா. படித்தேன். இன்னொரு தடவை என்றார். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, ஆனாலும் படித்தேன். மே மாதம் சித்திக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. ஜூனில் அடுத்த கண்ணைக் காட்டிவிட்டு வருகிற வழியில் என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இவ்வளவு சின்னவளா? குரலைக் கேட்டு என் வயசுன்னுல்ல நெனச்சேன்."

"ஆபீஸ்ல பேசிப் பேசிக் குரல் கிழடாயிடுச்சு, சித்தி."

"மகளே, அந்தக் காகிதத்துல எனக்கு இன்னொண்ணு வேணும்."

"நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே?" என்றார் மாமா, பின்னாலிருந்து.

"அது உன்னோடது. நீ டப்பாவுல பூட்டி வெச்சுட்டு ஊரெல்லாம் எடுத்துக் காட்டற. எனக்குத் தனியா வேணும்."

கூடுதல் நகலுக்குப் புது விண்ணப்பம் எழுத வேண்டும், தலைமை எழுத்தர் கையெழுத்து வேண்டும், ஒரு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து, "உக்காருங்க, இதோ வர்றேன்" என்றுதான் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கோப்பைத் தேடி நகல் எடுத்து, முத்திரை குத்தி, நேராக லஹ்லூவின் அறைக்குப் போனேன். அவர் பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்ன, யாருக்கு என்று கேட்கவில்லை. தாளைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சித்தி அதை வாங்கி நாலாக மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று மணி வண்டியைப் பிடிக்க இருவரும் கிளம்பினார்கள்.

எங்கள் பதிவேட்டில் அந்த நகலுக்கு விண்ணப்ப எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் அதில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். விடுபட்டுவிட்டது, ஐயா, என்று சொன்னேன்.